தேவனாம்பட்டினம் கருவாட்டு அக்காவுக்கு நன்றி

போன வாரம் ராத்திரி ஆமை சர்வே முடிச்சிட்டு கடலூர் பீச்லேர்ந்து பைக்ல திரும்பும்போது என் ஃபீல்ட் நோட்டு எங்கயோ விழுந்துடுச்சுங்க, தை மாசத்துலேர்ந்து எடுத்த கூடு கணக்கு, மணல் டெம்பரேச்சர் எல்லாம் அதுல தான். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லிங்கிற கடல் ஆமை) ஒரு கூட்டுல நூறு முட்டை கிட்ட போடும், பொரிய 45லேர்ந்து 60 நாள் ஆகும், மணல் சூடு ஏறுனா பொட்டை குஞ்சு தான் அதிகம். அதனால அந்த டெம்பரேச்சர் போச்சுன்னா வேலையே போச்சு. காப்பி எடுத்து வைக்காதது என் தப்பு தான், லேப்ல அண்ணன் திட்டுனதும் நியாயம்.

மறுநாள் டீக்கடைல விசாரிச்சா மாஸ்டர் எடுத்து நீட்டுறாரு. அலைல நனைஞ்சு கெடந்துச்சாம், கருவாடு காய வெக்கிற ஒரு அக்கா நெத்திலி வலை மேலயே விரிச்சு, பக்கம் பக்கமா பிரிச்சு காய வெச்சு, "ஆமை புள்ளைங்க நோட்டு, வந்தா குடுத்துடு"ன்னு சொல்லிட்டு போயிருக்காங்க. பென்சில்ல எழுதுனதால ஒரு நம்பர் கூட அழியல, நடுப்பக்கத்துல ரெண்டு செதில் மட்டும் ஒட்டியிருக்கு.

அக்கா, ரெண்டு தடவ தேடி வந்தேன், நீங்க சந்தைக்கு போயிட்டீங்கன்னாங்க. ரொம்ப நன்றிக்கா. லேப் பூரா நெத்திலி வாசனை, ஒருத்தனும் என் டேபிள் கிட்ட வரமாட்டேங்குறான்.