பார்லர் தோழிகள் கவனத்துக்கு

அக்காமாரே, தங்கச்சிமாரே,

ஆவணி முகூர்த்தம் வந்தால் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை கடைகளில் பேசவே நேரம் இருக்காது. அதனால் வீட்டில் அடிபடும் பெண் நம் கடைக்கு வந்தால் என்ன செய்வது என்று இப்போதே சொல்கிறேன்.

காதுக்குப் பின்னால் விரல் பதிந்த தடம், கொத்தாக முடி பிடுங்கிய இடம், இதெல்லாம் த்ரெட்டிங் செய்யும்போதும் தலை அலசும்போதும் நம் கண்ணில்தான் முதலில் படும். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கூட்டிப்போய், "வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். "அனுசரிச்சுப் போ" என்று தயவுசெய்து சொல்லவே வேண்டாம். அதோடு அவள் வாயை மூடிக்கொள்வாள்.

மகளிர் உதவி எண் 181. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் யாராவது பையைத் துழாவும்போது மாட்டும், மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். அவள் போனைக் கணவர் நோண்டுவார் என்றால் கடைப் போனிலேயே பேசட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112. வெளியே பைக்கில் காத்திருக்கும் கணவரிடம் போய் நியாயம் கேட்காதீர்கள், அடி அவளுக்குத்தான் விழும்.

2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தில் தந்தால் நம்மேல் வழக்கு வராது. ஆனாலும் அவள் சரி என்ற பிறகே செய்யுங்கள். அப்புறம், யாருடைய பெயரும் போட்டோவும் இந்தக் குழுவில் வரக்கூடாது.