தண்ணீர் இலவசப் பண்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் நேரம் என்பதால், பொருளியல் பாடத்தில் தண்ணீரையும் காட்டையும் கணக்கில் சேர்ப்பது பற்றி இதை எழுதுகிறேன். 29 வருடம் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். குன்னூரில் குடியிருக்கிறேன்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே பண்டங்களின் வகை சொல்லிக்கொடுப்போம். காற்று, வெயில், ஆற்று நீர் எல்லாம் இலவசப் பண்டங்கள். நானும் வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதினேன். தென்மேற்கு மழை குன்னூர்ப் பக்கம் அவ்வளவாக எட்டாது. ஒரு ஜூலையில் ரேலியா அணை இறங்கிப்போய், குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வாரமாகியிருந்தது. இந்தப் பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் தண்ணீர் வண்டிக்காரர் காசுக்கு நிற்கிறார். எண்ணிக் கொடுத்தேன். அடுத்த வருடமும் அதே குறிப்பைத்தான் எடுத்துப்போனேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வந்த மாணவி ஒருத்தி, முதுகலை ஆய்வேட்டுக்குத் தன் ஊர்ச் சதுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். சதுப்பில் பாதியை வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டு கேரட் போட்டிருந்தார்கள். கீழே இருக்கும் ஊற்றில் ஒரு குடம் நிறைய முன்னால் எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு நேரம் என்று பாட்டிமாரிடம் கேட்டு நோட்டில் எழுதியிருந்தாள். ஒரு பக்கம் கேரட் மூட்டை விற்ற விலை, எதிர்ப்பக்கம் பெண்கள் குடத்தோடு காத்திருந்த நேரம். நான் சொன்னேன்: "இதெல்லாம் தாவரவியல்காரங்க வேலைம்மா. சுயஉதவிக் குழுக் கடனைத் தலைப்பா எடுத்துக்கோ, சீக்கிரம் முடியும்." எடுத்தாள், முடித்தாள். முதல் வகுப்பு.

அந்த நோட்டில் இருந்ததற்குச் சூழலியல் பொருளியல் என்று பெயர். அதற்கென்றே ஓர் ஆய்விதழ் 1989 முதல் வருகிறது, இந்தியாவிலும் 1999-ல் சங்கம் தொடங்கினார்கள். 'சுற்றுச்சூழல் பொருளியல்தான் விருப்பப் பாடமாக இருக்கிறதே' என்பார்கள். அது பெரும்பாலும் சந்தைக் கணக்கில் விட்டுப்போன சேதத்துக்கு விலை போட்டுச் சேர்க்கிற வேலை. இதுவோ, சந்தையே இயற்கைக்குள் அடக்கம் என்று ஆரம்பிக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்று முதலில் கேட்கும், விலையெல்லாம் அப்புறம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 முதல் ஓடுகிறது. அங்கே உற்பத்தியாகும் யூனிட்டுக்குக் கணக்கு உண்டு, மழையைப் பிடித்து மெல்ல விடும் புல்வெளிக்கும் சோலைக்காட்டுக்கும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்றும் தள்ள முடியாது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீருகிற இருப்பை நம்பிய பொருளாதாரத்தையும், ஆறு, காடு மாதிரி வந்துகொண்டே இருப்பதை நம்பியதையும் 1940-களிலேயே பிரித்துக் காட்டினார். என் வகுப்பில் அவர் 'காந்தியப் பொருளியல், 5 மதிப்பெண்', அவ்வளவுதான்.

பாடத்திட்டக் குழுவினருக்கு என் வேண்டுகோள்: மலையில் இருக்கும் கல்லூரிகளிலாவது சூழலியல் பொருளியலைக் கட்டாயப் பாடமாக்குங்கள், பாடநூல் தமிழில் இருக்கட்டும். பொருளியல் ஆய்வேட்டுக்குத் தாவரவியல் ஆசிரியரும் இணை வழிகாட்டியாக இருக்க வழி செய்யுங்கள். செலவு பெரிதாக ஆகாது. ஊற்றை அளக்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும்.

அந்த மாணவி இப்போது கோவையில் வங்கி வேலையில் இருக்கிறாள். போன மாதம் போனில் அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேன். "அம்மா அடுப்புக்குப் போட்டிருப்பாங்க சார்" என்று சிரித்தாள். எதற்கும் ஊருக்குப் போனால் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
குன்னூர்.