'டிரான்ஸ்ஃபர் ஃபெயில்டு' வந்தால் பத்திரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) சோதனைக் கட்டுரையில், ஒரு டொமைனின் முழுப் பதிவுப் பட்டியலான ஸோனை வெளியாள் மொத்தமாக இழுக்க முடிகிறதா (ஸோன் டிரான்ஸ்ஃபர்) என்று பார்க்க, டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கருவியில் 'டிக் ஏஎக்ஸ்எஃப்ஆர்' என்று அடித்து டொமைன் பெயரைப் போடுங்கள், 'டிரான்ஸ்ஃபர் ஃபெயில்டு' என்று வந்தால் அந்த டொமைன் பத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி அடித்தால் ஓட்டையுள்ள டொமைனுக்கும் அநேகமாக அதே பதில்தான் வரும். @ போட்டு சர்வர் பெயரைச் சொல்லாவிட்டால், டிக் நம் கணினியில் குறித்திருக்கும் ரிசால்வரிடம்தான் (நமக்காகப் பெயர்களைத் தேடித் தரும் சர்வர்) போய்க் கேட்கும். பல வீடுகளில் அது ரவுட்டர். முழு ஸோனும் அதனிடம் ஏது? கையை விரித்துவிடும்.

முதலில் 'டிக் என்எஸ்' கொடுத்து டொமைனின் ஸோனை வைத்திருக்கும் நேம்சர்வர்களின் பெயர்களை எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக 'டிக் @சர்வர் டொமைன் ஏஎக்ஸ்எஃப்ஆர்' என்று கேட்க வேண்டும். முதல் சர்வர் மறுத்ததும் நிறுத்திவிடக் கூடாது. ஸோனின் மூலப் பிரதி இருக்கும் பிரைமரியை எல்லோரும் பூட்டிவிடுவார்கள். நகல் வைத்திருக்க என்றோ சேர்த்து மறந்துபோன செகண்டரிதான் ஒழுகும். ஒரு சர்வரில் போட்ட பூட்டு இன்னொன்றுக்குச் செல்லாது. பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருளின் 9.20க்கு முந்தைய பதிப்புகளில், ஸோனை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் 'அலோ-டிரான்ஸ்ஃபர்' வரி எழுதாமல் விட்டால், கேட்டவருக்கெல்லாம் ஸோனைத் தூக்கிக் கொடுத்துவிடும். 'டிக் +என்எஸ்சர்ச்' போட்டால் எல்லா சர்வர்களின் எஸ்ஓஏ-வும் (ஸோனின் தலைப்புப் பதிவு, ஸோன் மாறும்போது கூடும் சீரியல் எண் இதில் இருக்கும்) வரிசையாக வரும். எதன் சீரியல் எண் பின்தங்கி நிற்கிறதோ, அதை யாரும் கவனிப்பதில்லை என்று பொருள் கொள்ளலாம். நானாக இருந்தால் அங்கேதான் முதலில் தட்டுவேன்.

'டைம்ட் அவுட்' என்று வந்தால் அது மறுப்பு அல்ல. ஸோன் டிரான்ஸ்ஃபர் டிசிபி 53-ஆம் போர்ட்டில் நடக்கிறது. யுடிபி 53-ஐ மட்டும் வெளியே விடும் அலுவலக ஃபயர்வால்கள் உண்டு. அதே சர்வரிடம் '+டிசிபி' சேர்த்து எஸ்ஓஏ கேட்டுப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் சோதனையே நடக்கவில்லை. ரிப்போர்ட்டில் 'பாதுகாப்பானது' என்று எழுதுவது பொய். ஸோன் கிடைத்தால் அது எஸ்ஓஏ-வில் தொடங்கி அதே எஸ்ஓஏ-வில் முடியும். கடைசி எஸ்ஓஏ இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது. பழகுவதற்கென்றே திறந்து வைத்திருக்கும் 'ஸோன்டிரான்ஸ்ஃபர் டாட் மீ' டொமைனில் இதையெல்லாம் செய்து பார்க்கலாம்.

கட்டுரை தொடாமல் விட்டது அநாதையான சிநேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டு. கிளவுட் சேவையை நிறுத்திவிடுவார்கள், அதைக் காட்டும் சிநேம் ரெக்கார்டை அழிக்க மறந்துவிடுவார்கள். டிக் பதிலில் ஆன்சர் பகுதியில் சிநேம் இருக்கும், மேலே ஸ்டேட்டஸ் 'என்எக்ஸ்டொமைன்' (அப்படியொரு பெயரே இல்லை) என்று இருக்கும். சிநேம் காட்டும் அந்தப் பெயரை அந்தச் சேவையில் வேறொருவர் பதிவு செய்ய முடிந்தால், உங்கள் சப்டொமைனில் அவர் கடை விரிக்கலாம். '+ஷார்ட்' போட்டால் ஸ்டேட்டஸ் தெரியாது, எனவே இந்த வேலைக்கு அது ஆகாது. பட்டியல் வைத்து சப்டொமைன் தேடுபவர்கள், வாயில் நுழையாத ஏதாவது ஒரு பெயரை முதலில் கேட்டுப் பார்க்கட்டும். அதற்கும் ஐபி வந்தால் அங்கே எந்தப் பெயருக்கும் பதில் சொல்லும் வைல்ட்கார்டு ரெக்கார்டு இருக்கிறது. பட்டியலில் உள்ள எல்லாமே 'கிடைத்த' மாதிரிதான் காட்டும்.

சோதிக்கும் முன் வாங்க வேண்டிய அனுமதிக்கு ஒரே வரி ஒதுக்கியிருந்தீர்கள். சாதாரணக் கேள்வி ரிசால்வர் வழியாகப் போகும். ஏஎக்ஸ்எஃப்ஆர் நேரே அவர்கள் சர்வரில் போய் விழும், நம் ஐபி லாகில் பதியலாம். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியில் கை வைப்பதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே என்று இருக்கிறது. டொமைன் பெயர்கள், தேதி, எந்த ஐபி-யிலிருந்து சோதிக்கிறோம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நேம்சர்வரை வேறு நிறுவனம் நடத்தினால், டொமைன்காரரின் கையெழுத்து மட்டும் போதாமல் போகலாம்.

அடுத்த இதழில் அந்தக் கட்டளையையாவது @ சேர்த்துத் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் அட்மின்,
கோயம்புத்தூர்