நையாண்டிச் செய்தியின் தலைப்பை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத்தையும் காப்புறுதியையும் நையாண்டி செய்யும் இணையத்தளங்களை இழுத்து மூட வேண்டும் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நண்பர்கள் இருவருடன் பினாங்கில் அப்படியொரு தளத்தை நடத்தி வருபவன் நான். அவர் கோபத்தில் பாதி நியாயம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவக் காப்புறுதிச் சந்தா உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றும், மிகக் குறைந்த காப்பு தரும் குறைந்தபட்சத் திட்டத்தில் உள்ள, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு அந்த உயர்வை ஓராண்டு நிறுத்திவைக்க வேண்டும் என்றும் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் அறிவித்தது. அதை ஒட்டி, "60 வயதைக் கடந்தவர்களுக்கு இவ்வாண்டு சந்தா கிடையாது" என்று தலைப்பிட்டு, "நோயே வராது என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும்" என்று அடுத்த வரியில் முடித்தோம். யாரோ தலைப்பை மட்டும் வெட்டிப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்ப, அது பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கும் வந்து சேர்ந்தது. அவர் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். சந்தா கட்டத் தரப்படும் 30 நாள் அவகாசத்தில் 26ஆம் நாள், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த நினைவூட்டல் கடிதத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். காப்புறுதி காலாவதியாகியிருந்தால், மீண்டும் புதுப்பித்தாலும் பொதுவான நோய்களுக்கு 30 நாளும், இருதய நோய் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாளும், இழப்பீடு கோர முடியாத காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கியிருக்கும். அந்தத் தலைப்பை எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஆனாலும் தளத்தை மூடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். காலை பத்து மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகும், மருத்துவமனைக் கட்டணத்தை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் உறுதி கூறும் இறுதி உத்தரவாதக் கடிதம் வராததால், உடை மாற்றிப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாலை வரை கட்டிலில் உட்கார்ந்திருந்த முதியவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு காய்ந்து ஒட்டியிருக்கும். வெளியே மகன் அரைநாள் விடுப்பை முழுநாளாக்கித் தரும்படி முதலாளியிடம் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருப்பார். இதை விளக்கக் கட்டுரையாக எழுதியபோது படித்தவர்கள் மிகச் சிலர். "நோயாளி குணமடைந்தார், கடிதம் இன்னும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில்" என்று எழுதியபோதுதான், தங்கள் வீட்டிலும் இதே கதை என்று பலர் எழுதினார்கள். இறுதிக் கடிதம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் அறிந்ததாகச் சொன்னவர்களும் உண்டு.

பெரியம்மா விஷயத்துக்குப் பிறகு, தலைப்பின் அதே எழுத்தளவில் "நையாண்டி" என்ற சொல்லைப் படத்துக்குள்ளேயே பதிக்கிறோம். அதன் கீழே உண்மையான விதியை ஒரே வரியில் தருகிறோம். தலைப்பை மட்டும் படித்து நம்பினால் ஒருவருடைய பணத்துக்கோ மருந்துக்கோ கேடு வரும் என்றால், எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் அதைக் கைவிடுகிறோம். நோயாளியின் உடலைக் கேலி செய்வது எங்களிடம் என்றுமே இல்லை.

உங்கள் ஞாயிறு இதழும் இத்தகைய துணுக்குகளை அவ்வப்போது எடுத்து வெளியிடுகிறது. இடம் போதாமல் எதையாவது வெட்ட நேர்ந்தால், அந்த முத்திரையையும் விதி சொல்லும் வரியையும் மட்டும் வெட்டாமல் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.