மதிப்புரைப் பக்கங்களைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வருகிற வாசகர், கையிருப்பை எண்ணிக்கொண்டுதான் கடை கடையாக ஏறி இறங்குகிறார். 450 ரூபாய் நூல், 10 சதவீதக் கழிவு போக 405. வாங்கலாமா, வேண்டாமா? இதற்கு உங்கள் பக்கத்தில் விடை இருக்க வேண்டும். பல மதிப்புரைகளில் முன்னுரையும் பின்னட்டை வாசகமுமே பாதி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மீதி வெறும் பாராட்டு.

300 சொல்லே போதும். கதைச் சுருக்கம் 60 சொல்லைத் தாண்ட வேண்டாம். நூலிலிருந்து நாலைந்து வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள். நடை தனக்கு ஒத்துவருமா என்று வாசகரே பார்த்துக்கொள்வார். முதல் பக்கத்தைத் தொடாதீர்கள். ஆசிரியர் அதிகம் இழைத்திருப்பது அதைத்தான்.

அரசு நாட்டுடைமையாக்கி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றான நூல்களில்தான் வாசகர் அதிகம் ஏமாறுகிறார். ஒரே நாவலைப் பல பதிப்பகங்கள் பல விலையில் போடுகின்றன. பழைய பதிப்பை ஸ்கேன் செய்து கணினியில் எழுத்தாக மாற்றியிருந்தால் துணைக்கால் 'ர' ஆகிவிடும். 'வந்தான்' என்பது 'வந்தரன்' என்று நிற்கும். நடுவில் 20 பக்கத்தைப் பென்சிலோடு படித்து, எத்தனை பிழை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை அச்சிடுங்கள். பத்தி ஏதும் விடுபட்டிருக்கிறதா என்பது படித்தால் மட்டும் தெரியாது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய பதிப்பு இருந்தால், ஓர் அத்தியாயத்தையாவது பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரு பிற்பகல் வேலை அது. அதைச் செய்த மதிப்புரை பத்து ஆண்டுக்குப் பயன்படும்.

மொழிபெயர்ப்பு என்றால் மூலத்திலிருந்தா, ஆங்கிலம் வழியா என்று சொல்லுங்கள். சிறுகதைத் தொகுப்பில் எவை முந்தைய தொகுப்பில் வந்தவை என்று குறியுங்கள்; இல்லாவிட்டால் அதே கதைகளுக்கு வாசகர் இரண்டு முறை பணம் கொடுப்பார். ஆய்வு நூலில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், உண்டா? 'இரண்டாம் பதிப்பு' என்பது திருத்திய பதிப்பா, வெறும் மறு அச்சா?

யாருக்கு இந்த நூல் உதவாது என்ற ஒரு வரியை எல்லோரும் தவிர்க்கிறார்கள். நல்ல நூலுக்கும் அந்த வரி வேண்டும். மதிப்புரையாளர் அதே பதிப்பகத்தில் எழுதுபவர் என்றால் அதையும் கீழே போட்டுவிடுங்கள்.

காட்சிக்கென்று அவசரமாக அச்சாகும் நூல்களை அதே வாரத்தில் புரட்டி எழுத வேண்டாம். மார்ச்சில் வரட்டும். மதிப்புரைக்கு இரண்டு பிரதி கேட்கிறீர்கள். அதில் ஒன்று மூன்று வாரமாவது மதிப்புரையாளர் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சென்னையில் நூலகத்திலும் மெய்ப்புத் திருத்தத்திலும் பணியாற்றும் சிலர்