ஆண்டறிக்கை: பழம்பொருள் திருத்தமும் கைப்பணிப் பயிற்சியும்

தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, பயிலுநர்களே, வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத் தீர்மானப்படி இந்த ஆண்டு மூன்று வகை வேலைகளை மட்டுமே ஏற்றோம்: பிரம்புக் கதிரை, பித்தளை விளக்கு, பழைய தையல் மெஷின். மிருதங்கத்தோடு வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அதன் தோலுக்கு மூட்டுக் கட்டுவதும் கரணை என்ற கறுப்புப் பசை வட்டம் இடுவதும் தனி வித்தை. அதை அரைகுறையாகத் தொடுவதைவிடத் தொடாமல் இருப்பது நல்லது. கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இரு பக்கத்திலிருந்தும் பொருட்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் காலம் செய்த சேதம் கொஞ்சம்தான். இடையில் யாரோ செய்த திருத்தமே பெரும் சேதம். ஆகவே ஆண்டு முழுக்க நாம் பூட்டியதைவிடக் கழற்றியதே அதிகம்: ஆரால்டைற், பிளைவூட், இரும்பாணி, தங்க நிறப் பெயின்ற்.

முதலில் பிரம்பு. சாய்மனைக் கதிரைகளும் சாப்பாட்டு மேசைக் கதிரைகளும் வந்தன. மரம் தேக்கு, பலா, ஒன்றிரண்டு நடுன். பின்னல் கிழிந்ததும் பிளைவூட் துண்டொன்றை மேலே வைத்து ஆணி அறைந்துவிடுவது நம் வீடுகளில் வழமையான கைவைத்தியம். அந்த ஆணி துளைவரிசையிலேயே இறங்குவதால் சட்டம் அதே கோட்டில் பிளக்கிறது. துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து கறுப்புக் கறையாகின்றன. கறைக்கு ஒக்சாலிக் அமிலக் கரைசலைப் பூசி, பின் பலமுறை தண்ணீரால் துடைத்தோம். அது நஞ்சு, கையுறையில்லாமல் யாரும் தொடவில்லை.

பிரம்பு வாங்குமுன் துளைகளை அளக்கவேண்டும். துளை நடுவிலிருந்து அடுத்த துளை நடு வரை அரை அங்குலமானால் 2.25 மில்லிமீற்றர் பிரம்பு, முக்கால் அங்குலமானால் 3 மில்லிமீற்றர். இருக்கைக்கு ஏறக்குறைய 250 அடி செல்லும். தடித்ததை வாங்கினால் பின்னலின் ஏழு சுற்றுகளில் ஐந்தாவதிலேயே துளை அடைத்துக்கொள்ளும். துளையைப் பெருப்பிக்கத் தோன்றும், அதுதான் கூடாது. பழைய பிரம்புத் துண்டுகளைத் தட்டி எடுத்து, துளையின் மேல்விளிம்பைச் சற்று மழுக்கினால் போதும். கூர்விளிம்பு புதுப் பிரம்பைக் கத்திபோல் அறுக்கும்.

பிரம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவைக்கிறோம். இரவு முழுக்க ஊறினால் நிறம் மங்கி நார் எழும்பும். ஊறியதை விரலிடையில் இரு திசையிலும் இழுத்துப் பார்த்தால் ஒரு திசையில் கணு தடுக்கும், மறு திசையில் தடுக்காது. தடுக்காத திசையிலேயே பின்னவேண்டும். முதல் சுற்று முன்னிருந்து பின்னாக, நடுத் துளையில் தொடங்கும். இரண்டாவது அதன் மேலே குறுக்காக. மூன்றாவது மறுபடி முன்பின்னாக, முதல் இழைக்கு வலப்புறம் ஒட்டி. இம்மூன்றிலும் பின்னலே இல்லை, வெறும் அடுக்குத்தான். நான்காவது சுற்றில்தான் பின்னல் பிறக்கிறது: குறுக்கிழை மூன்றாம் இழையின் மேலாகவும் முதல் இழையின் கீழாகவும் போகும். இழுத்து முடித்ததும் ஈரத்தோடே இழைகளைச் சோடி சோடியாக மரமுளையால் நெருக்கிச் சதுரமாக்கவேண்டும். பயிலுநர்களில் கைவிட்டுப் போனவர்கள் போனது இந்தச் சுற்றில்தான்.

ஐந்தும் ஆறும் மூலைவிட்டங்கள். ஒன்று நெடுக்குச் சோடிகளின் மேலும் குறுக்குச் சோடிகளின் கீழும் போனால் மற்றது நேர்மாறாகப் போகவேண்டும். சரியா பிழையா என்று கண்ணால் பார்ப்பதைவிட விரலால் அறிவது எளிது. சரியான மூலைவிட்டம் வழுக்கிப்போய்ச் சதுரத்தின் மூலையில் உட்காரும். பிழையானது சோடியின் விளிம்பில் உரசி நிற்கும். ஆள் உட்காரும்போதெல்லாம் கிறீச்சிடும், சில மாதத்தில் நார் நாராக அறும். ஏழாவது விளிம்புக்கட்டு. முதல் சுற்றை இறுக்கி இழுப்பது தொடக்கக்காரர் எல்லோரும் செய்யும் பிழை: பின்வரும் சுற்றுகளும் இறுக்கும், காயும்போது பிரம்பும் இறுகும், கடைசியில் இழை தெறிக்கும். பிரம்பு வாங்க கண்டி வீதியில் வேவல்தெனியாவுக்கே போய்வருவது நல்லதென்பது குழுவின் முடிவு. கட்டை அவிழ்த்துப் பார்த்து வாங்கலாம்.

ஆடும் மர மூட்டுகளுக்கு வச்சிரம் (விலங்குத் தோலில் காய்ச்சிய பசை) மட்டுமே பாவித்தோம். வச்சிரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்கவேண்டும். கொதித்தால் பிடிமானம் போய்விடும். இந்தக் கடற்கரை ஈரத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் தேவைக்கு மட்டும் உருக்கினோம். வச்சிரம் போட்ட மூட்டை இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் வெந்நீராலும் நீராவியாலும் கழற்றலாம். ஆரால்டைற் போட்டதைக் கழற்றினால் பசை விடாது, மரம்தான் பிளக்கும். அரக்கு மெருகு வேலையைத் தென்மேல் பருவ மழை நாட்களில் நிறுத்திவைத்தோம்: ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து மெருகு வெள்ளையாகப் பூக்கும். அவசரப்படுத்திய அங்கத்தவர்கள் பொறுத்தருளவேண்டும்.

குத்துவிளக்குகளில் முதல் தொல்லை கழலாத திருகுப் புரி. எண்ணெய்ப் பிசினும் களிம்பும் சேர்ந்து தண்டையும் தட்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. குழாய்க் குறடு போட்டால் தண்டில் பற்தடம் விழும், அது என்றைக்கும் போகாது. மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, வெளிப்பாகத்தைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணி கட்டி, தோல்வார் போட்டு மெல்லத் திருப்பினோம். பழைய விளக்குகளின் புரி கையால் வெட்டியது. ஒவ்வொரு சோடியும் தனக்கே பொருந்தும். கழற்றுமுன் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி குத்திக்கொள்ளாவிட்டால் பிறகு எதை எதோடு சேர்ப்பதென்று தெரியாது. ஆடும் புரிக்கு மெல்லிய பித்தளைத் தகடு சுற்றினால் போதும்.

எண்ணெய்க் கசட்டுக்கு ஒரு லீற்றர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. புளி அதன் பிறகுதான், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். புளியைப் பூசிவிட்டு மறந்தால் பித்தளையிலுள்ள நாகம் (துத்தநாகம்) கரைந்து செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டு விழும். அதை அழுக்கென்று நினைத்து இன்னும் புளி தேய்ப்பவர்களும் உண்டு. தட்டியோ கடைந்தோ செய்த மெல்லிய பித்தளைச் சொம்பு, குடங்களுக்கு அமோனியா கலந்த மெருகுத் திரவம் வேண்டாமென்று விதித்தோம். இந்தியாவில் பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகளில் தாமாகவே வெடிப்பு விழுந்தது. உலோகத்துள் தங்கிய இறுக்கமும் குதிரைச் சிறுநீரின் அமோனியாவும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். நம் குடத்தின் கழுத்திலும் அதே இறுக்கம் இருக்கிறது.

வெடித்த தட்டுகளுக்கு ஈயப் பற்று வைத்திருந்தார்கள். அது 190 பாகைக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். திரி எரியும் முகத்தில் நிற்காது. கொழும்புச் செட்டியார் தெரு நகைப் பத்தர்கள் பாவிக்கும் வெள்ளிப் பற்றாசும் (வெள்ளி கலந்த பற்றவைக்கும் உலோகம்) வெங்காரமுமே (போராக்ஸ்) இதற்கு ஏற்றது. ஆனால் பழைய ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும். துளி மிஞ்சினாலும் சூட்டில் அது பித்தளையைத் தின்று குழியாக்கும். வார்ப்புத் தட்டு தடித்தது, ஓரிடத்தில் மட்டும் ஊதினால் சூடு பரவிப்போகும், பற்றாசு ஓடாது. முழுத் தட்டையும் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்து, ஆறும்வரை தொடாமல் விடவேண்டும். சூட்டில் அசைத்தால் இன்னொரு வெடிப்பு. வெள்ளைப் புகை எழுந்தால் நாகம் எரிகிறது என்று பொருள்: நெருப்பைக் குறைத்து, யன்னலைத் திறந்து, தள்ளி நிற்கவேண்டும்.

தையல் மெஷின்கள் எல்லாமே கறுப்புச் சிங்கர்கள். சிங்கர் கொழும்பில் கடை திறந்தது 1877இல்; அதே ஆண்டு சனவரி முதலாம் திகதிதான் கொழும்பு நூதனசாலையும் திறக்கப்பட்டது. ஒன்றில் வைத்திருப்பதைத் தொடமுடியாது, மற்றது இன்னும் சட்டை தைக்கிறது. சில்லு சுற்றாமல் வந்தவற்றில் ஒன்றுக்கும் பாகம் உடைந்திருக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு அது பிசினாக இறுகியிருந்தது, அவ்வளவுதான். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, சில்லைச் சுற்றி, ஒருநாள் வைத்துத் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய். உடலைத் துடைக்க ஸ்பிரிட் கூடாது: மேலே இருப்பது அரக்குப் பூச்சு, அதோடு பொற்பூவேலையும் துணியில் வந்துவிடும். தையல் தாவினால் முதலில் ஊசியைப் பார்க்கவேண்டும். நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் நுழையவேண்டும். கால் மெஷினின் தோல்வாரைச் சற்றுக் குறைத்தே வெட்டுங்கள், பாவிக்கப் பாவிக்க நீளும்.

திருத்த ஏற்காவிட்டாலும் ஏட்டுச் சுவடிகளும் வந்தன. அவற்றில் நாம் செய்தது மென்தூரிகையால் தூசு தட்டியதும் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்ததும் மட்டுமே. செலோ ரேப்பும் லமினேற்றிங்கும் கூடாதென்று உரியவர்களுக்கு எழுத்தில் கொடுத்தோம். ஏட்டுக்கு நூதனசாலை நூலகத்தாரிடம் ஆலோசனை கேட்பதே முறை.

பயிற்சி வகுப்பில் ஒரு மாற்றம் செய்தோம். புதிதாகச் சேருவோர் முதலில் கழற்ற மட்டுமே பழகுவார்கள். சுத்தியலும் பசையும் அதன் பிறகே. சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பிழையாகப் பூட்டியதைத் தானே கழற்றியவருக்கு எங்கே ஆணி அடிக்கக்கூடாதென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பொருளோடும் ஓர் அட்டை போகிறது: வந்தபோது எப்படி இருந்தது, என்ன செய்தோம், எதைக் கொண்டு கழற்றலாம். மூன்றாவதை எழுதமுடியாத வேலையை ஏற்பதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். உரியவர்களிடம் பொருட்செலவு மட்டுமே அறவிடப்பட்டது.

அடுத்த ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். பொருளைக் கொண்டுவருமுன் கழுவவோ ஒட்டவோ வேண்டாம். உடைந்து விழுந்த துண்டுகளை, எவ்வளவு சிறிதாயினும், கடதாசி உறையில் இட்டு எடுத்துவாருங்கள், திருகாணிகளையும் சேர்த்து.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்