பச்சைப் புள்ளியைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்: மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலாளர்களுக்கு வணக்கம்.

நானும் பல வருடமாக ஒரு டீமை நடத்துகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலக சாட் செயலிகளில், ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று நோட்டம் விடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். நூறு வருடத்துக்கும் முன்னால் பிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாப்வாட்ச் வைத்து எஃகு ஆலை வேலையை அளந்தார், அங்கே எத்தனை டன் அள்ளினார்கள் என்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சிக்கலை அரை மணி நேரம் யோசிக்கிறவர் கீபோர்டைத் தொடுவதில்லை, புள்ளியின் பச்சை போய்விடுகிறது, நாம் அவரைச் சோம்பேறி என்கிறோம்.

எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான ஒரு பையன், நான் பகிர்ந்த திட்ட ஆவணத்தின் ஓரத்தில் கமெண்ட் போட்டிருந்தான்: "சார், இந்த வாராந்திர அறிக்கையை யார் படிக்கிறார்கள்?" எல்லாரும் பார்க்கிற இடத்தில் கேட்டுவிட்டானே என்று சுருக்கென்றது. பதிலுக்குக் காரமாக ஏதோ டைப் செய்து, அழித்து, அப்புறம் அந்த அறிக்கையை யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அதைத் தயாரிக்கிறவர்களைத் தவிர இரண்டே பெயர். நானும் அவனும். தயாரிக்கிற மூன்று பேருடைய வெள்ளிக்கிழமை மதியத்தை அது வாராவாரம் தின்றுகொண்டிருந்தது, அன்றைக்கே நிறுத்தினோம்.

முன்பெல்லாம் தகவல் நம் வழியாகத்தான் கீழே போகும், அதனால் "ஏன்" என்று கேட்க யாருக்கும் வழியில்லை. இப்போது எல்லாமே எல்லாருக்கும் தெரிகிற ஆவணத்தில் இருக்கிறது, அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. இரவு பத்து மணி மெசேஜுக்குப் பதில் போடாததும் அப்படித்தான். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதை நான் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் கற்றேன், அது சாட்டில் வராது. ஆகவே கண்காணிக்கிற நேரத்தை அதற்குக் கொடுங்கள்: அடுத்த கடினமான அழைப்பில் உங்கள் டீமில் இளையவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் அவர் கேட்கிற எல்லா "ஏன்"களுக்கும் பதில் சொல்லுங்கள்.